எதையும் மறைக்காத கொனாத்தா: ‘லக்கி ஸ்டார்’ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அனிமே (ஜப்பானிய அசைபடம்) பைத்தியம் பிடித்த நகைச்சுவை நாயகி என்றதும் ரசிகர்களுக்கு நினைவு வரும் முதல் முகங்களில் ஒன்று கொனாத்தா இஸுமியுடையது. நீண்ட நீல முடி, உச்சந்தலையில் விறைத்து நிற்கும் ஒரு கற்றை, இடக்கண்ணின் கீழ் ஒரு மச்சம், எப்போதும் பாதி மூடிய கண்கள். ‘லக்கி ஸ்டார்’ தொடரை இப்போது பார்க்கத் தொடங்குகிறவர்களிடமிருந்து ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. எனக்குப் பிரியமான தொடர் என்பதால் கொஞ்சம் விரிவாகவே பதில் எழுதியிருக்கிறேன்.

கொனாத்தா எந்த மங்காவில் வருகிறாள்? எழுதியது யார்?

ககாமி யொஷிமிஸு எழுதி வரைந்த ‘லக்கி ஸ்டார்’ மங்காவில், அதாவது ஜப்பானியப் படக்கதையில். கடோகவா நிறுவனத்தின் ‘காம்ப்டிக்’ இதழில் 2004 ஜனவரி இதழிலிருந்து தொடராக வெளிவந்தது. காம்ப்டிக் அடிப்படையில் கணினி விளையாட்டு, அனிமே ரசிகர்களுக்கான இதழ். அதை வாங்குகிறவர்கள் கொனாத்தா விளையாடும் விளையாட்டுகளைத் தாங்களும் விளையாடியவர்கள். எனவே எந்தக் குறிப்பையும் விளக்கிச் சொல்ல வேண்டிய தேவை ஆசிரியருக்கு இருக்கவில்லை. தொடரின் நிறையும் சிரமமும் இரண்டும் இங்கிருந்துதான் தொடங்குகின்றன.

ஆசிரியர் பெயரும் ககாமி, கதையில் கொனாத்தாவின் நெருங்கிய தோழியின் பெயரும் ககாமி. இந்தப் பக்கத்தில் ‘ககாமி’ என்று மட்டும் வந்தால் அது தோழி ககாமி ஹீராகி.

கதை என்ன?

ஒரே இழையாக ஓடும் கதை கிடையாது. சைத்தாமா மாகாணத்தில் உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் நான்கு பெண்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். அனிமே வெறிகொண்ட கொனாத்தா, பொறுப்பும் வெடுக்கென்ற கோபமும் கொண்ட ககாமி, ககாமியின் இரட்டைத் தங்கையும் தூக்கப் பிரியையுமான சுகாசா, எதைக் கேட்டாலும் கலைக்களஞ்சியம்போல் பதில் சொல்லும் மியுகி தகாரா.

வடிவம் ‘யொன்கோமா’. மேலிருந்து கீழாக நான்கு கட்டங்கள், அதற்குள் ஒரு நகைச்சுவை முடிந்துவிட வேண்டும். முதல் கட்டத்தில் தொடக்கம், இரண்டாவதில் வளர்ச்சி, மூன்றாவதில் திருப்பம், நான்காவதில் முடிவு என்பது ஜப்பானிய நாளிதழ்களில் பழகிய இலக்கணம். யொஷிமிஸு இந்த இலக்கணத்தை வேண்டுமென்றே தளர்த்துகிறார். பல துணுக்குகளில் நான்காவது கட்டத்தில் பெரிய வெடிப்பே இல்லை. யாரோ ஒருத்தி ‘ஆமாம், அப்படித்தான்’ என்று தலையாட்டுவதோடு முடிந்துவிடும். இது பிடிக்காதவர்களுக்கு இந்த மங்கா சப்பென்று இருக்கும். பிடித்தவர்களுக்கு அந்தத் தளர்வுதான் சுகம்.

அனிமேயின் முதல் அத்தியாயம் இதை ஒளிக்காமல் அறிவித்துவிடுகிறது. சங்குபோல் சுருண்ட ரொட்டிக்குள் சாக்லேட் நிரப்பிய ‘சோக்கோ கோர்னே’வுக்கு எந்தப் பக்கம் தலை, எந்தப் பக்கம் வால் என்று மதிய உணவு வேளையில் விவாதம் ஓடுகிறது. மெல்லிய நுனியைக் கிள்ளி, அகன்ற பக்கத்துச் சாக்லேட்டில் தோய்த்துச் சாப்பிடும் முறையை மியுகி பொறுமையாக விளக்குகிறாள். நிமிடக் கணக்கில் இதுவேதான். இந்த இடத்தில் நீங்கள் புன்னகைத்துவிட்டால் மீதி 23 அத்தியாயங்களும் உங்களுக்கானவை.

‘அனிமே பைத்தியம்’ என்றால் எந்த அளவுக்கு?

அவளுடைய நாள் முழுவதையும் அது ஆள்கிறது. இரவு நேர அனிமே பார்த்துவிட்டு, இணைய விளையாட்டில் விடியும்வரை உட்கார்ந்துவிட்டு, வகுப்பில் தூங்குவாள். வீட்டுப்பாடத்தை ககாமியிடம் கெஞ்சி வாங்கிப் பார்த்து எழுதுவாள். தேர்வுக்கு முந்தைய இரவு மட்டும் படித்துவிட்டுத் தேறியும்விடுவாள், ககாமிக்கு அதில்தான் எரிச்சல். தன் ஆசைகளுக்குப் பணம் சேர்க்க, கதாபாத்திர வேடத்தில் (காஸ்ப்ளே) பரிமாறும் கஃபே ஒன்றில் பகுதிநேர வேலை பார்ப்பாள்.

இணைய விளையாட்டில் அவளுடைய சகபாடிகளில் ஒருவர் அவளுடைய வகுப்பாசிரியை நானாகோ குரோய். உலக வரலாறு சொல்லித்தரும், லோத்தே பேஸ்பால் அணிக்காக உயிரை விடும் குரோய் ஆசிரியை விளையாட்டின் நடுவிலேயே ‘வீட்டுப்பாடம் முடிச்சியா?’ என்று கேட்டுவிடுவார். ஆசிரியரும் மாணவியும் நள்ளிரவில் ஒரே அரக்கனை வேட்டையாடிவிட்டு, காலையில் ஒன்றுமே நடக்காததுபோல் வகுப்பில் எதிரெதிரே நிற்கும் அந்த உறவு எனக்கு மிகவும் பிடித்தவற்றில் ஒன்று.

அனிமேப் பொருட்கள் விற்கும் ‘அனிமேட்’ கடை அவளுக்குக் கோயில். கடைக்காரர்கள் அவளை ‘புராணப் புகழ்பெற்ற சிறுமி ஏ’ என்று தங்களுக்குள் அழைத்துக்கொண்டு, அவளை வாங்கவைக்கப் போர்க்கோலம் பூணுவார்கள். கடை மேலாளர் நெருப்புப் பறக்கும் சண்டைத் தொடர் நாயகன்போல் வரையப்பட்டிருப்பார். அவளோ எதையும் கவனிக்காமல் அலமாரிகளைப் பார்த்தபடி நடந்துபோய்விடுவாள்.

குளிர்கால காமிக்கெட்டுக்கு அவள் இரட்டையரை அழைத்துச்செல்லும் 12-ஆம் அத்தியாயம் தனியே சொல்லத் தகுந்தது. காமிக்கெட் 1975-இல் தொடங்கிய ரசிகர் வெளியீட்டுச் சந்தை. ஆண்டுக்கு இருமுறை நடப்பது. 1996 முதல் தோக்கியோ பிக் சைட் அரங்கில். கொனாத்தா தோழிகளிடம் அரங்க வரைபடத்தைக் கொடுத்து, யார் எந்த மேசைக்கு எந்த வரிசையில் போக வேண்டும் என்று படைத்தளபதிபோல் கட்டளையிடுகிறாள். சுகாசாவைக் கூட்டம் அடித்துக்கொண்டு போய்விடுகிறது. காமிக்கெட்டுக்குப் போனவர்கள் அந்த வரிசையையும் குளிரையும் நெரிசலையும் அப்படியே அடையாளம் கண்டுகொண்டார்கள். உள்ளே நின்று பார்த்தவர்கள் எழுதிய நகைச்சுவை அது.

விளையாட்டில் கெட்டிக்காரி என்கிறார்களே, ஏன் எந்தக் கிளப்பிலும் சேரவில்லை?

வேகமாக ஓடுவாள், தற்காப்புக் கலை பயின்றவள். உயரம் 142 சென்டிமீட்டர்தான் என்றாலும் உடல் சுறுசுறுப்பு அபாரம். ஏன் தடகளக் கிளப்பில் சேரவில்லை என்று கேட்டால், மாலைப் பயிற்சிக்குப் போனால் அந்த நேரத்து அனிமேயைப் பார்க்க முடியாதே என்று பதில் வரும். அவளைப் பொறுத்தவரை அது முழுமையான பதில்.

அவளுக்கு பேஸ்பால்மீது கோபம் ஏன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். அன்றைய ஜப்பானியத் தொலைக்காட்சியில் இரவு பேஸ்பால் ஆட்டம் நீண்டால் அதற்குப் பின் வரும் நிகழ்ச்சிகள் எல்லாம் அரை மணி நேரம், ஒரு மணி நேரம் என்று தள்ளிப்போகும். நேரம் குறித்துப் பதிவு செய்ய வைத்த கருவிக்கு அது தெரியாது. மறுநாள் ஓடவிட்டால் அனிமேக்குப் பதில் வேறேதோ பதிவாகியிருக்கும். பிடித்ததை எந்த நேரமும் இணையத்தில் பார்க்கிறவர்களுக்கு இந்த வேதனை புதிதாக இருக்கலாம். 2007-இல் ஒவ்வொரு ரசிகரும் பட்டது அது.

ககாமி இல்லாமல் கொனாத்தா இல்லை என்கிறார்கள். அப்படியா?

அப்படித்தான். ஜப்பானிய மேடை நகைச்சுவையான ‘மன்சாய்’யில் இருவர் நிற்பார்கள். ஒருவர் கோணலாக எதையாவது சொல்வார், அவர் ‘பொக்கே’. மற்றவர் உடனே வெட்டித் திருத்துவார், அவர் ‘சுக்கோமி’. கொனாத்தா அசல் பொக்கே, ககாமி அசல் சுக்கோமி. ககாமியின் ‘என்னடி சொல்றே?’ இல்லாவிட்டால் கொனாத்தாவின் பேச்சில் பாதி காற்றில் கரைந்துவிடும்.

இதற்கு மேலும் ஒன்று உண்டு. ககாமி முழுக்க வெளியாள் கிடையாது. அவளும் விளையாட்டுகள் ஆடுவாள், லைட் நாவல்கள் எனப்படும் இளையோர் நாவல்களை விரும்பிப் படிப்பாள். ‘ஃபுல் மெட்டல் பேனிக்!’ நாவல்களைப் படிக்கச் சொல்லி கொனாத்தாவை வற்புறுத்துவதும் அவள்தான். எழுத்து மட்டுமே நிறைந்த பக்கங்களைப் பார்த்துக் கொனாத்தா பின்வாங்கும்போது ககாமிக்கு வரும் ஏமாற்றம் நிஜமானது. தனக்குப் பிடித்ததை இன்னொருத்தியும் விரும்ப வேண்டும் என்ற ஏக்கம் இருவருக்கும் பொது. அதை வெளியே காட்டிக்கொள்ள ஒருத்திக்குக் கூச்சம், மற்றவளுக்கு இல்லை.

ககாமி வேறு வகுப்பு. மதிய உணவுக்குத் தன் டப்பாவை எடுத்துக்கொண்டு இவர்கள் வகுப்புக்கு வந்துவிடுவாள். ‘தங்கை இங்கே இருக்கிறாள், அதனால்தான்’ என்று காரணம் சொல்வாள். கொனாத்தா உடனே அவளுக்கு ‘சுன்தெரே’ என்று முத்திரை குத்துவாள், மேலே முறைப்பும் உள்ளே பிரியமும் கொண்ட பெண்களை அனிமே ரசிகர்கள் அழைக்கும் பெயர் அது. மியுகியையும் கண்ணாடி, தடுமாற்றம், அடக்கம் என்று ரசிகர் மனம் மயங்கும் அம்சங்களாகப் பிரித்துப் பட்டியல் போடுவாள். தோழிகளை அவள் பார்ப்பதே அனிமேயின் அச்சுகள் வழியாகத்தான். ஆனால் எந்தத் தோழியும் தன் அச்சுக்குள் கடைசிவரை நிற்பதில்லை. நான் இந்தத் தொடரை மதிப்பதற்கு இது பெரிய காரணம்.

இதேபோல் வேறு நாயகிகள் இருக்கிறார்களே, கொனாத்தாவுக்கு மட்டும் என்ன சிறப்பு?

பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெளிவாகும். ‘ஹிமோத்தோ! உமாரு-சான்’ நாயகி உமாரு வெளியே குறையே இல்லாத மாணவி. வீட்டுக்குள் நுழைந்ததும் தலையை மூடும் போர்வை உடைக்குள் புகுந்து, சிப்ஸும் கோலாவும் கையுமாக விளையாட்டில் விழுந்துவிடுவாள். அந்த இரண்டாம் முகம் வெளியே தெரிந்துவிடக் கூடாது. ‘வோட்டாகோய்’ நாயகி நருமி தன் அனிமே மோகத்தை அலுவலகத்தில் மூடி மறைப்பவள். அது தெரிந்ததால்தான் முந்தைய காதல் முறிந்தது. ‘வாட்டாமோட்டே’யின் தோமோகோ தனக்குள்ளேயே புழுங்குகிறவள். அவள் கதையின் தொடக்க அத்தியாயங்களைப் பல இடங்களில் சிரிப்பைவிட வலியோடுதான் படிக்க வேண்டியிருக்கிறது. மூவரும் அருமையான பாத்திரங்கள்.

கொனாத்தா எதையும் மறைப்பதில்லை. பள்ளியிலும் வீட்டிலும் கடையிலும் அவள் ஒருத்திதான். தன் ஆசையைப் பற்றி அவளுக்குக் குற்றவுணர்வு இல்லை, திருந்த வேண்டும் என்ற எண்ணமும் இல்லை. கதையும் அவளைத் திருத்த முயல்வதில்லை. அனிமேயை விட்டுவிட்டு ‘உண்மையான வாழ்க்கை’க்கு வந்தாள் என்றொரு முடிவு அவளுக்காகக் காத்திருக்கவில்லை. தண்டனையாகத் தனிமையும் கிடைப்பதில்லை. அவள் பேசுவதில் பாதி புரியாத மூன்று பெண்கள் அவளோடு தினமும் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஜப்பானின் பின்னணி தெரிய வேண்டும். 1988, 1989-இல் தோக்கியோ, சைத்தாமா பகுதிகளில் சிறுமிகள் கொல்லப்பட்ட வழக்கில் கைதானவனின் அறையை, குவிந்து கிடந்த வீடியோ டேப்புகளோடு, தொலைக்காட்சிகள் திரும்பத் திரும்பக் காட்டின. அதன்பின் அனிமே, மங்கா வெறியர்களைக் குறிக்கும் ‘ஒடாகு’ என்ற சொல் பல ஆண்டுகள் வசைச்சொல்லாக ஒலித்தது. அனிமே பிடிக்கும் என்று வகுப்பில் சொல்லவே பிள்ளைகள் தயங்கினார்கள். அதே சைத்தாமா மண்ணில், அதே ஆசைகளோடு, யாருக்கும் பயப்படாமல் ஒரு பெண் சிரித்துக்கொண்டு நடக்கிறாள். அன்று தயங்கி வளர்ந்தவர்கள் அவளைக் கொண்டாடியதில் ஆச்சரியம் இல்லை.

அவளுக்கு இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? பெற்றோர் எதுவும் சொல்வதில்லையா?

அப்பா சோஜிரோவிடமிருந்து. அவர் எழுத்தாளர், மகளைவிடத் தீவிரமான ஒடாகு. வீட்டில் தடுக்க யாரும் இல்லை. அம்மா கனாத்தா, மகள் கைக்குழந்தையாக இருக்கும்போதே இறந்துவிட்டாள். கொனாத்தாவுக்கு அம்மாவின் முகம் படங்களில் மட்டுமே தெரியும். உயரமும் முடியும் அப்படியே அம்மாவைப் போல.

அனிமேயின் 22-ஆம் அத்தியாயத்தில் கனாத்தாவின் ஆவி வீட்டுக்கு வருகிறது. கணவனும் மகளும் எப்படி வாழ்கிறார்கள் என்று பார்க்க மட்டும் வருகிறது, அவர்களுக்கு அவள் தெரிவதில்லை. கனாத்தாவுக்குக் குரல் கொடுத்தவர் சூமி ஷிமாமோத்தோ, பழைய அனிமே ரசிகர்கள் எல்லோரும் அறிந்த மென்மையான குரல். தன்னைப்போலவே மகளும் வளர்ந்துவிட்டாளே, அவளுக்கு நல்லது செய்தேனா என்று சோஜிரோவுக்கு உள்ளே ஒரு கலக்கம் எப்போதும் உண்டு. அது அங்கே தெரிகிறது. நகைச்சுவைத் தொடர்கள் இடையில் அழவைக்க முயலும்போது பெரும்பாலும் தாளம் தப்பிவிடும். இங்கே தப்பவில்லை. ஏனென்றால் யாரும் உரை நிகழ்த்துவதில்லை. வழக்கம்போல அப்பாவும் மகளும் வெட்டிப்பேச்சுத்தான் பேசுகிறார்கள், பார்ப்பவள் மட்டும் புதியவள். தொடரில் ஒரே ஒரு அத்தியாயம் பார்ப்பேன் என்பவர்களுக்கும் நான் இதைச் சொல்ல மாட்டேன். முதல் 21-ஐயும் பார்த்துவிட்டு வந்தால்தான் இது வேலை செய்யும்.

பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கலாமா?

வன்முறை இல்லை. ஆனால் கொனாத்தாவும் சோஜிரோவும் வயதுவந்தோருக்கான கணினி விளையாட்டுகளைப் பற்றிச் சர்வசாதாரணமாகப் பேசுவார்கள். பள்ளி மாணவிகளைப் பற்றிச் சோஜிரோ அடிக்கும் சில கமெண்டுகள் அன்றே நெருடலாக இருந்தன, இன்று இன்னும் அதிகமாக நெருடுகின்றன. ஆண் ரசிகர்களின் ஆசைகளை ஒரு பெண்ணின் வாயில் வைத்துச் சிரிக்கவைக்கிறார்கள் என்ற விமர்சனத்திலும் நியாயம் இருக்கிறது. தொடரை நேசிக்கிறவன் என்றாலும் இந்தப் பகுதியை நான் மழுப்ப விரும்பவில்லை. சிறுவர்களுக்குப் பொருத்தமில்லை, பதின்பருவத்தின் பிற்பகுதிக்கு மேல் சரி.

அனிமேயை எடுத்தது யார்? இடையில் இயக்குநர் மாறினாராமே?

கியோத்தோ அனிமேஷன். 2007 ஏப்ரலில் தொடங்கி செப்டம்பரில் முடிந்தது, மொத்தம் 24 அத்தியாயங்கள். முதல் நான்கை இயக்கியவர் யுதாகா யாமமோத்தோ. அதன்பின் நிறுவனம் அவரை மாற்றிவிட்டு யாசுஹிரோ தாகேமோத்தோவிடம் பொறுப்பைக் கொடுத்தது. அன்று அது பெரிய சர்ச்சை. தாகேமோத்தோ கையில் தொடர் நிதானமடைந்தது என்பது என் கருத்து. வெறும் உரையாடலுக்கு நடுவில் எங்கே மௌனம் விட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

2019 ஜூலை 18-ஆம் தேதி கியோத்தோ அனிமேஷன் ஸ்டுடியோவுக்குத் தீ வைக்கப்பட்டு 36 பேர் உயிரிழந்தார்கள். தாகேமோத்தோவும் அவர்களில் ஒருவர். அவருக்கு 47 வயது. ‘லக்கி ஸ்டார்’ பற்றி எழுதும்போது அவர் பெயரைச் சொல்லாமல் கடப்பது சரியாகாது.

‘ஹருஹி’ பற்றி இத்தனை குறிப்பு ஏன் வருகிறது?

2006-இல் இதே ஸ்டுடியோ எடுத்த ‘சுசுமியா ஹருஹி’ தொடர் பெரும் வெற்றி. ஹருஹிக்குக் குரல் கொடுத்தவர் ஆயா ஹிரானோ. கொனாத்தாவுக்கும் குரல் அவரே. அனிமேயில் கொனாத்தா, கஃபே வேலையில் ஹருஹியாக வேடம் போட்டு நிற்பாள், அதே குரலில் ஹருஹிபோல் அதட்டுவாள். குரலுக்குச் சொந்தக்காரரே தன்னைப் போலிசெய்வதுபோல் ஆகிவிடும் அந்த இடம்.

ஆனால் கொனாத்தாவின் முதல் குரல் ஹிரானோ அல்ல. 2005-இல் வந்த ஒலி நாடகத்திலும் நின்டெண்டோ டிஎஸ் விளையாட்டிலும் கொனாத்தாவாகப் பேசியவர் ரியோ ஹிரோஹாஷி. தேடிக் கேட்டுப் பாருங்கள், இன்னும் சோம்பலான வேறொரு கொனாத்தா கிடைப்பாள்.

பாதி நகைச்சுவை புரியவில்லை. முன்கூட்டியே எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பட்டியல் போட்டுப் படித்துவிட்டு வர வேண்டாம். ‘ஹருஹி’யில் சில அத்தியாயங்கள் பார்த்திருந்தால் நல்லது. கொனாத்தாவின் அக்காள் முறையான யுய் நருமி காரை விரட்டும் காட்சியில் ‘இனிஷியல் டி’ என்ற கார்ப் பந்தயத் தொடரை நினைவுகூர முடிந்தால் சிரிப்பு கூடும். ‘குண்டம்’ என்ற ராட்சத ரோபோ தொடர்களின் பெயராவது தெரிந்திருக்கட்டும். மற்றவை புரியாவிட்டால் சுகாசாவைப் போல் இருங்கள். அவளுக்கும் ஒன்றும் புரியாது, ஆனாலும் கேட்டுக்கொண்டிருப்பாள். புரியாதவருக்கும் கதைக்குள் ஓர் இடம் போட்டு வைத்திருப்பது ஆசிரியரின் கெட்டிக்காரத்தனம்.

அத்தியாயக் கடைசியில் வரும் ‘லக்கி சேனல்’ என்ன?

அகிரா கோகாமி என்ற சிறுமி நட்சத்திரமும், மினோரு ஷிராயிஷி என்ற உதவியாளரும் நடத்தும் சில நிமிட நிகழ்ச்சி. கேமரா முன் தேன் சொட்டும் அகிரா, அடுத்த நொடி சலிப்பும் அதட்டலுமாக மாறிவிடுவாள். ஷிராயிஷி நிஜமான குரல் நடிகர், தன் பெயரிலேயே வருகிறார். முதல் 12 அத்தியாயங்களின் முடிவில் பெண்கள் கரோக்கேயில் பாடும் ஒலி மட்டும் கேட்கும். அதன்பின் ஷிராயிஷியே நேரடிப் படப்பிடிப்பில் தோன்றுவார். சிலருக்கு இது தாங்க முடியாத எரிச்சல், கடந்துவிடுங்கள்; கதைக்கு ஒன்றும் குறையாது.

‘லக்கி ஸ்டார்’ கோயில் என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா?

இருக்கிறது, வாஷினோமியா ஜிஞ்ஜா. சைத்தாமா மாகாணத்தில், தோபு இசேசாகி ரயில் பாதையில் வாஷினோமியா நிலையத்தில் இறங்கி நடந்துபோகும் தூரம். கான்டோ பகுதியின் மிகப் பழைய பெருங்கோயில் என்ற பெயர் அதற்கு உண்டு. அங்கே ஆடப்படும் ககுரா நடனம் தேசிய அளவில் பாதுகாக்கப்படும் மரபுச் செல்வம். கதையில் ககாமி, சுகாசாவின் அப்பா ஒரு கோயிலின் பூசகர். புத்தாண்டு நாட்களில் இரட்டையர் கோயில் பணிப்பெண்களின் (மிக்கோ) உடையில் அங்கே வேலை செய்வார்கள், கொனாத்தா அப்பாவோடு அவர்களைப் பார்க்கவென்றே வந்துவிடுவாள். அந்தக் கற்பனைக் கோயிலுக்கு மாதிரி இதுதான். அனிமேயின் தொடக்கப் பாடல் காட்சியில் கோயில் வாசலின் தோரி வளைவு அப்படியே வரையப்பட்டிருக்கிறது.

2007 கோடையில் அனிமே இதழ் ஒன்று இடத்தை அடையாளம் காட்டியது. ரசிகர்கள் கேமராவும் கையுமாக வரத் தொடங்கினார்கள். அமைதியான சிறிய ஊரில் திடீரென்று அந்நிய இளைஞர்கள் சுற்றினால் யாருக்கும் கவலை வரும், அங்கும் வந்தது. அதன்பின் நடந்ததுதான் முக்கியம். ஊரின் வணிகத் தொழில் சங்கத்துக்காரர்கள் வந்தவர்களிடம் போய்ப் பேசினார்கள். ஏன் வருகிறீர்கள், என்ன வேண்டும் என்று கேட்டார்கள். கோயிலில் வேண்டுதல் எழுதித் தொங்கவிடும் ‘எமா’ பலகையின் வடிவில், கிரி மரத்தில் செய்த கைப்பேசித் தொங்கட்டான்களை விற்றார்கள். அவற்றை ஊர் கடைகளில் பிரித்துக் கொடுத்ததால், வந்தவர்கள் ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினார்கள். கடைக்காரர்களோடு பேச்சும் வளர்ந்தது. 2007 டிசம்பரில் குரல் நடிகைகளும் ஆசிரியரும் கோயிலுக்கே வந்தார்கள். 2008 ஏப்ரலில் ஹீராகி குடும்பத்துக்கு ஊராட்சி சிறப்புக் குடியிருப்புச் சான்றிதழ் வழங்கியது.

2008 புத்தாண்டு வழிபாட்டுக்கு வந்தவர்கள் சுமார் 3 லட்சம், முந்தைய ஆண்டைவிட இரண்டு மடங்குக்கும் மேல். 2009-இல் 4 லட்சத்து 20 ஆயிரம், 2010-இல் 4 லட்சத்து 50 ஆயிரம், 2011-இல் 4 லட்சத்து 70 ஆயிரம். அனிமே ஒளிபரப்பு முடிந்து ஆண்டுகள் ஆன பிறகும் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போயிருக்கிறது.

செப்டம்பரில் நடந்த ஹாஜி திருவிழாவில் 2008 முதல் ‘லக்கி ஸ்டார்’ படங்கள் வரைந்த மிகோஷி பல்லக்கும் ஊர்வலத்தில் வந்தது. ஊர்க்காரர்களின் பெரிய பல்லக்கு ஒருபுறம், ரசிகர்கள் தோளில் சுமக்கும் இது மறுபுறம். அனிமேயைப் பற்றி எதுவும் தெரியாத பெரியவர்கள், பல்லக்கைத் தோளில் எப்படித் தாங்குவது என்று அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். கொனாத்தாவின் வகுப்பில் மதிய உணவு நேரத்தில் நடப்பதே இங்கு ஓர் ஊர் அளவில் நடந்தது என்று நான் நினைக்கிறேன்: புரியாவிட்டாலும் பக்கத்தில் இடம் விட்டார்கள்.

இப்போது போனாலும் பார்க்க முடியுமா?

முடியும். கோயில் இருக்கும் வாஷிமியா ஊர் 2010 மார்ச்சில் குகி நகரத்தோடு இணைந்துவிட்டது, அதனால் வரைபடத்தில் குகி என்று தேடுங்கள். அந்தப் புகழ்பெற்ற தோரி வளைவு மரம் உளுத்துப்போய் 2018 ஆகஸ்டில் சரிந்து விழுந்தது. 2021-இல் புதியது எழுப்பினார்கள். தொடக்கப் பாடலில் வருவது பழையது. எமா பலகைகளில் ரசிகர்கள் வரைந்து தொங்கவிடும் ஓவியங்களை நிதானமாகப் பாருங்கள், பல தேர்ந்த கைகள். அது வழிபாட்டு இடம் என்பதால் முதலில் கும்பிட்டுவிட்டுப் பிறகு படம் எடுப்பது நல்லது.

கொனாத்தாவின் வீடு இருப்பதாகக் கதை சொல்லும் சத்தே நகரம் பக்கத்தில்தான். ஆசிரியரும் சத்தேகாரர். வசந்தத்தில் போனால் அங்குள்ள கொங்கென்தோ கரையில் செர்ரி மரங்களும் மஞ்சள் கடுகுப் பூக்களும் சேர்ந்து பூத்திருக்கும். பள்ளிக்கூடத்துக்கான மாதிரி கசுகாபேயில் இருக்கிறது. படிக்கும் பிள்ளைகள் இருக்கும் இடம், கேமராவோடு வாசலில் நிற்காதீர்கள்.

மங்கா முடிந்துவிட்டதா?

இல்லை. பல ஆண்டுகள் நின்றுபோயிருந்த தொடர், 2022 நவம்பரில் கடோகவாவின் வேறோர் இதழில் மீண்டும் தொடங்கியது. அனிமேக்கு இரண்டாம் பருவம் வரவில்லை. 2008-இல் ஒரு தனி வீடியோ வந்தது, 2013-இல் கிளைக்கதை ஒன்று குறுந்தொடராக வந்தது.

முதலில் மங்காவா, அனிமேவா?

அனிமே. ஒரே ஒரு நிபந்தனையோடு சொல்கிறேன்: ஒரே மூச்சில் பார்க்காதீர்கள். வாரம் ஒன்று என்று ஒளிபரப்பான தொடர் இது. ஏழெட்டு அத்தியாயங்களைத் தொடர்ந்து ஓட்டினால் பேச்சுகள் ஒன்றோடொன்று கலந்து சலித்துவிடும். ஒரு நாளைக்கு ஒன்று போதும். அதன்பின் மங்காவுக்குப் போனால் ஆயா ஹிரானோவின் குரல் காதிலேயே இருக்கும், நான்கு கட்டங்களின் தாளமும் தானாகப் பிடிபடும். இரண்டாம் தொகுதிக்குப் பின் கொனாத்தாவின் உறவுக்காரப் பெண் யுதாகா, படம் வரையும் ஹியோரி, அமெரிக்காவிலிருந்து வந்த பேட்ரிஷியா என்று இளையவர்கள் கூட்டம் சேரத் தொடங்கும். தோழிகளின் ஒவ்வோர் அசைவையும் கதையாக மாற்றிப் பார்த்துவிட்டுத் தன்னையே திட்டிக்கொள்ளும் ஹியோரியை மட்டும் கவனமாகப் படியுங்கள். கொனாத்தா படிக்கிறவள், ஹியோரி வரைகிறவள். அவளுடைய கெடு நெருங்கும் இரவுகள் மங்காவில் அனிமேயைவிட நன்றாக இருக்கும்.